வான்பரண், சுழல்கூடு, நிலைக்கூடு: மூன்று சொற்கள் பற்றி

வணக்கம்.

விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பறக்கும் ரேடார் விமானங்களையும் சரக்கு விமானங்களையும் மாதிரியாகச் செய்வோருக்கான கையேட்டுக்குச் சொற்கள் தேவைப்படுகின்றன. பறந்தவை, வரைபடத்தோடு நின்றவை, நாமே கற்பனை செய்பவை என எல்லாவற்றுக்கும் பொருந்த வேண்டும். என் அளவுகோல் ஒன்றுதான்: மாதிரி செய்பவர் எங்கே சறுக்குவாரோ, அந்த இடத்தைச் சொல்லே காட்டிக்கொடுக்க வேண்டும்.

ரேடார் விமானத்துக்கு 'வான்வழி முன்னெச்சரிக்கை விமானம்' என்பது செய்தித்தாள் வழக்கு. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. 'முன்னெச்சரிக்கையாக விமானம் தரையிறக்கப்பட்டது' என்றும் அதே செய்தித்தாள் எழுதுகிறது. அங்கே பொருள் வேறு. 'வான்வழி' என்பதோ போகும் பாதையைச் சொல்கிறது. இந்த விமானத்தின் உயிர் அது நிற்கும் உயரத்தில் இருக்கிறது.

கணக்கு எளிது. ரேடாரின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12 ஆல் பெருக்கினால் கடல்மட்டத்தில் அது பார்க்கும் தூரம் கிலோமீட்டரில் வரும். கப்பலின் கம்பத்தில் 30 மீட்டர் உயரத்தில் இருந்தால் 22 கிலோமீட்டர் சொச்சம். 7,600 மீட்டருக்கு ஏற்றிவிட்டால் 350ஐத் தாண்டும். 1982 மே 4 அன்று ஷெஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை எக்சோசெட் ஏவுகணை தாக்கியபோது, அந்தக் கடற்படையிடம் மேலே ஏறிப் பார்க்கும் விமானம் இல்லை. அந்த வேலையைச் செய்துவந்த கானெட் என்ற ரேடார் விமானங்கள் 1978 இலேயே ஓய்வு பெற்றிருந்தன.

பயிருக்கு மேலே தலை தெரியும்படி ஏறி நின்று காவல் காக்கும் இடத்துக்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் உண்டு: பரண். ஆகவே 'வான்பரண்' என்று முன்மொழிகிறேன்.

முதுகில் இருக்கும் வட்டக் கூண்டுக்கு: ரேடார் அலை ஊடுருவிப் போகும் உறை எதுவானாலும் 'அலைக்கூடு'. அதில் உறையே சுழன்றால் 'சுழல்கூடு'. உறை அசையாமல் உள்ளே அலைவாங்கி (ஆன்டெனா) மட்டும் சுழன்றால், நிலைக்கண்ணாடி போல, 'நிலைக்கூடு'.

---

> ஆகவே 'வான்பரண்' என்று முன்மொழிகிறேன்.

வணக்கம் ஐயா. பொருள் நயமாக இருக்கிறது. ஆனால் இன்று பரண் என்றால் பலருக்கும் பழைய பாத்திரம் போட்டுவைக்கும் இடம். 'வான்காவல்' போதாதா?

> அதில் உறையே சுழன்றால் 'சுழல்கூடு'.

இதை முழுமனதாக ஏற்கிறேன். 'சுழற்கூடு' என்று திருத்த யாராவது வரக்கூடும், வேண்டாம். இது சுழன்ற, சுழல்கின்ற, சுழலும் கூடு, வினைத்தொகை. கொல்களிறு கொற்களிறு ஆகாதது போல இதுவும் ஆகாது. 'சுழல்தட்டு' என்ற மாற்றையும் தவிர்க்கலாம். தட்டு என்றால் தட்டையான பண்டம். இது உள்ளே அலைவாங்கி வைத்த குடைவான உறை.

சுழல்கூடு, நிலைக்கூடு என்ற பிரிவு மேசையில் எப்படி உதவும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஈ-2 ஹாக்கை என்ற அமெரிக்க ரேடார் விமானத்தில் இருப்பது சுழல்கூடு. அது தாங்கியின் மேல் உட்காரும் இடத்தில் மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும். பழக்கதோஷத்தில் அந்த இணைப்பில் புட்டி பூசி மழுப்பிவிட்டால், சுழல முடியாத ஒன்றைச் செய்துவைத்தவர்களாவோம். தாங்கியின் தலையைவிடச் சிறிய, 0.5 மி.மீ. கனமுள்ள பிளாஸ்டிக் வட்டு ஒன்றை இடையில் வைத்து ஒட்டினால் நிழல்கோடு தானாக விழும். ஈ-1 டிரேசர் என்ற ரேடார் விமானத்தில் இருப்பதோ நிலைக்கூடு, நீர்த்துளி வடிவம். அதன் பின்முனை நடு வால்துடுப்பின் மேல் சாய்ந்திருக்கும். அங்கே இணைப்பு தெரியாமல் புட்டி பூசுவதுதான் சரி.

கூட்டின் விட்டம் ஈ-2இல் 24 அடி. அதில் 72இல் ஒரு பங்கான 1/72 அளவில் 101.6 மி.மீ., 1/48இல் 152.4, 1/144இல் 50.8. கற்பனை விமானத்துக்குச் சொந்தமாகக் கடைய வேண்டுமானால் 1 மி.மீ. ஸ்டைரீன் தகட்டில் படிப்படியாகச் சிறுக்கும் வட்டுகளை வெட்டி, நடுவில் துளையிட்டு, 2 மி.மீ. பித்தளைக் குழாயில் கோத்து ஒட்டுங்கள். கரைப்பான் பசையை விளிம்பு முழுக்க ஓடவிடாமல் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். அடுக்குகளுக்கு நடுவே சிக்கும் கரைப்பான் வெளியேற வழியின்றித் தகட்டை மெதுவாக இளக்கும். பெயின்ட் அடித்துச் சில வாரம் கழித்து மேற்பரப்பு உப்பி வளையம் வளையமாகத் தெரியும். மேல்வட்டு, கீழ்வட்டு தவிர மற்றவற்றில் ஐந்தாறு சிறு துளைகள் இட்டு, குழாயிலும் பக்கத் துளை போட்டு, இரண்டு நாள் காயவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. பிறகு படிகளை இரண்டு பாக எப்பாக்சி புட்டியால் நிரப்பி, குழாயை டிரில்லில் பிடித்து மிகக் குறைந்த வேகத்தில் சுழற்றி 240, 400, 800 உப்புத்தாளால் இழையுங்கள். வேகம் கூடினால் ஸ்டைரீன் சூடேறி இழுபடும். அட்டையில் பாதி வளைவை வெட்டி வைத்துக்கொண்டு அடிக்கடி ஒத்துப்பாருங்கள். மேல்பாதியும் கீழ்பாதியும் ஒத்து வருவது கண்ணால் மட்டும் ஆகாது.

ஒட்டும்போது சாய்வைக் கவனிக்க வேண்டும். 1/72இல் ஒரே ஒரு பாகை சாய்ந்தாலும் ஒரு விளிம்புக்கும் எதிர்விளிம்புக்கும் 1.8 மி.மீ. உயர வேறுபாடு வரும். முன்னாலிருந்து பார்ப்பவர் கண்ணில் அதுதான் முதலில் படும்.

---

> 'வான்காவல்' போதாதா?

போதாது என்றே நினைக்கிறேன். காவல் பறக்கும் போர்விமானமும் வான்காவல்தான். பரண் என்ற சொல்லில் மட்டுமே 'ஏறி நின்று' என்பது உள்ளடங்கியிருக்கிறது. குழப்பத்துக்கு இடம் தராமல், முதன்முறை வரும்போது 'வான்பரண் விமானம்' என்றும் பிறகு 'வான்பரண்' என்றும் எழுதலாம். இன்னொரு வசதியும் உண்டு. கா-31 ஹெலிகாப்டரில் கூடே கிடையாது. வயிற்றடியில் மடிந்திருக்கும் தட்டையான அலைவாங்கி இறங்கி விரிந்து சுழலும். அதுவும் வான்பரண்தான், ஆனால் சுழல்கூடு இல்லாத வான்பரண்.

> கற்பனை விமானத்துக்குச் சொந்தமாகக் கடைய வேண்டுமானால்

இங்கே 'கப்பல்தள' என்ற அடைமொழியையும் சேர்த்துக்கொள்வோம். 'கடற்படை விமானம்' என்றால் கரையிலிருந்து பறப்பதும் அதில் வந்துவிடும். தளம் என்பது மேல்தளத்தையும் குறிக்கும், இருப்பிடத்தையும் குறிக்கும். இரண்டுமே இங்கே பொருந்துகின்றன. கப்பல்தள விமானம் என்று எழுதிவிட்டால் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: இறக்கை எப்படி மடிகிறது, உயரம் எவ்வளவு, இறங்கும்போது தளத்துக் கம்பியைப் பற்றி நிறுத்தும் கொக்கி எங்கே.

முதல் கேள்வியில்தான் கற்பனை மாதிரிகள் பெரும்பாலும் தோற்கின்றன. எஸ்-3 வைக்கிங் என்ற கப்பல்தள விமானத்தின் முதுகில் ஒரு சுழல்கூட்டை வைத்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் அதன் இறக்கைகள் மேல்நோக்கி மடிந்து உடலுக்கு மேலே ஒன்றையொன்று தாண்டிப் படுக்கும். கூடு இருக்கும் இடமும் அதுவே. எஸ்-2 டிராக்கர் என்ற விமானத்திலிருந்து டிரேசரை உருவாக்கியவர்களுக்கும் இதே சிக்கல் வந்தது. அவர்கள் மடிப்பையே மாற்றி, இறக்கை உடலை ஒட்டிப் பின்னோக்கிப் போகும்படி செய்தார்கள். வைக்கிங் மாதிரியில் கூடு வைப்பவர் மேல்மடிப்புக் கோட்டைப் புட்டியால் மூடிவிட்டு, பின்மடிப்புக்கான கோட்டைப் புதிதாகக் கீற வேண்டும்.

உயரமும் அப்படித்தான். ஈ-2இன் உயரம் 5.58 மீட்டர், பழைய எசெக்ஸ் வகை விமானந்தாங்கிக் கப்பல்களில் மேல்தளத்துக்குக் கீழே விமானம் நிறுத்தும் கொட்டகையின் உயரம் 5.33 மீட்டர்தான். அதனால்தான் அதன் சுழல்கூடு ஏறத்தாழ 60 செ.மீ. கீழிறங்கும். 1/72இல் அது 8 மி.மீ.; கூடு இறங்கிய நிலையில் காட்டுபவர் தாங்கியைக் குட்டையாக்க மறக்கக்கூடாது. வால் நான்கு துடுப்பாகப் பிரிந்ததற்கும் உயரக் கட்டுப்பாடு ஒரு காரணம். நான்கில் மூன்றுக்குத்தான் சுக்கான் உண்டு. நான்கிலும் கோடு கீறிவிடாதீர்கள்.

சரக்கு விமானத்துக்குப் புதுச்சொல் தேடி அலைய வேண்டாம். 'கப்பல்தளச் சரக்கு விமானம்' போதும். ஈ-2இலிருந்து வந்த சி-2 கிரேஹவுண்டில் பின்பக்கச் சாய்வுக்கதவு உண்டு, கிடைவால் தட்டையானது. ஈ-2இன் கிடைவால் இருபுறமும் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். ஈ-2 மாதிரியில் கூட்டைக் கழற்றிவிட்டுச் சரக்கு விமானம் என்பவர் வாலையும் நிமிர்த்த வேண்டும், உடலையும் அகலப்படுத்த வேண்டும்.

'சாய்வுக்கதவு' என்பதை இப்போதைக்குத்தான் எழுதினேன். இறங்கியபின் அது கதவாக இல்லாமல் ஏறுபாதையாகிவிடுகிறது. இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் எழுதுங்கள்.