ஓய்வெடுத்தும் திரும்பி வரும் தொடையிடுக்கு வலி

கேள்வி (கால்பந்து வீரர், உப்பளம், புதுச்சேரி):
வலது தொடையின் உட்புறம் இடுப்போடு சேரும் இடத்தில், பந்தைப் பாதத்தின் உட்பக்கத்தால் உதைக்கும்போதும் ஓட்டத்தில் சட்டெனத் திரும்பும்போதும் சுரீரென்று வலிக்கிறது. ஓய்வெடுத்தால் அடங்குகிறது, மைதானத்தில் இறங்கியதும் திரும்பிவிடுகிறது. குடலிறக்கமாக இருக்கலாம் என்கிறார்கள் சிலர். சுளுக்கு வழிக்கச் சொல்கிறார்கள் வேறு சிலர். அறுவை சிகிச்சை தேவைப்படுமா?

பதில் (பிசியோதெரபிஸ்ட், கடலூர்):
தம்பி, நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், உங்கள் அறிகுறிகள் தொடைகளை உள்நோக்கி இழுக்கும் தசைகள் இடுப்பெலும்பில் வந்து ஒட்டும் இடத்தைத்தான் சுட்டுகின்றன. கால்பந்து வீரர்களிடம் அதிகம் காணப்படுவதும் இவ்வகையே. முழங்கால்களுக்கு இடையே மடக்கிய கை முஷ்டியை வைத்து நெருக்கும்போது அதே இடத்தில் வலித்தால் சந்தேகம் வலுப்படும். குடலிறக்கம், இடுப்பு மூட்டுக் கோளாறு ஆகியவற்றை மருத்துவர் சோதித்து விலக்க வேண்டும்.

ஓய்வு வலியைத் தணிக்குமே தவிர, தசைக்கு வலுவைத் தராது; அதனால்தான் வலி திரும்புகிறது. நாட்பட்ட வலியுடைய வீரர்களிடம் டென்மார்க்கில் நடத்தி 1999-இல் வெளியிட்ட ஆய்வில், 8 முதல் 12 வாரம் வலுவூட்டும் பயிற்சி செய்து முடித்த 29 பேரில் 23 பேர் வலியின்றி ஆட்டத்துக்குத் திரும்பினார்கள். மசாஜ், லேசர், நீட்சிப் பயிற்சி போன்றவற்றைப் பெற்ற 30 பேரில் 4 பேரே அவ்வாறு திரும்பினார்கள். ஆகவே அறுவை சிகிச்சையைப் பற்றி இப்போதே கவலைப்பட வேண்டாம். மல்லாந்து படுத்து முழங்கால்களுக்கு இடையே பந்தை நெருக்குவதில் தொடங்கி, வயிற்றுத் தசைகளுக்கும் சேர்த்துப் பயிற்சி செய்து, படிப்படியாகச் சுமையைக் கூட்டுங்கள். வலிக்கும் இடத்தை அழுத்தி வழிப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

பதில் (கபடிப் பயிற்சியாளர், தேவனாம்பட்டினம்):
என் பிள்ளைகளுக்கும் இவ்வலி வருவதுண்டு. பயிற்சியை ஒரே வாரத்தில் கூட்டும்போதே அதிகம் பார்க்கிறேன். பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பையனுக்கு விதைப்பையில் திடீரெனக் கடும் வலி வந்தால் அது விதை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம், சில மணி நேரம் தாமதித்தாலும் விதையை இழக்க நேரிடும் என்பதால் உடனே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். வளரும் வயதுப் பிள்ளை நொண்டி நடந்தால், வலி முழங்காலில் மட்டும் தெரிந்தாலும் இடுப்பு மூட்டுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. பயிற்சிக் காலத்தில் ஆடவே கூடாதா?

பதில் (பிசியோதெரபிஸ்ட், கடலூர்):
முற்றிலும் நிறுத்த வேண்டியதில்லை. வலியைப் பத்துக்கு மதிப்பிட்டு, இரண்டுக்குள் இருந்தால் தொடருங்கள். அதைத் தாண்டினால் உதைப்பதையும் வேக ஓட்டத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால், முந்தைய நாளின் சுமை மிகுதி என்று கொள்ளுங்கள்.