மூட்டைப்பூச்சி: மருந்து அடிச்சும் திரும்ப வருது, அவசரம்

சிங்காநல்லூர்க்காரன்:
மருந்து அடிச்சா கொஞ்ச நாள் இல்ல, அப்புறம் பழையபடி வந்துடுது. குழந்தை ராத்திரி பூரா தூங்கல, கை காலெல்லாம் தடிப்பு. என்ன வாங்கணும்னு யாராவது சீக்கிரம் சொல்லுங்க.

மீனா_மதுரை:
எந்த மருந்து? எங்கெங்க அடிச்சீங்க? கட்டில் மரமா இரும்பா? தனி வீடா, லைன் வீடா? எதுவுமே சொல்லலையே.

தறிக்காரர்:
வேப்பெண்ணெயும் வசம்புப் பொடியும் கலந்து கட்டில் இடுக்குல தடவுங்க. எங்க வீட்ல வேற எதுவும் வாங்கினதே இல்ல.

பழைய_உறுப்பினர்:
மாசம் தவறாம இதே கேள்வி. பழைய இழைகளைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்ல. மருந்து முட்டைக்குள்ள இறங்காது. முட்டை சுமாரா 6 முதல் 10 நாள்ல பொரியும். அந்தக் குஞ்சு வளர்ந்து முட்டை போடறதுக்குள்ள மறுபடி அடிக்கணும். ஒரு தடவை அடிச்சிட்டு ‘திரும்ப வருது’ன்னா எப்படி? வசம்பை மட்டும் நம்பி இருக்க முடியாது.

தறிக்காரர்:
வசம்பைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? எங்க பாட்டி காலத்துல மருந்துக்கடையா இருந்துச்சு?

பழைய_உறுப்பினர்:
பாட்டி காலத்துல கயித்துக் கட்டிலை வெயில்ல போட்டு வெந்நீர் ஊத்தினாங்க. அந்தச் சூடுதான் கொன்னுச்சு.

மளிகை_ரவி:
இவ்வளவு பேச்சு எதுக்கு? அரிசி குடோன்ல வைக்கிற மாத்திரை ரெண்டை ரூம்ல போட்டுப் பூட்டுங்க. காலைல ஒண்ணு இருக்காது.

மீனா_மதுரை:
தயவுசெஞ்சு வேணாம்! அது அலுமினியம் பாஸ்பைடு. ஈரக்காத்து பட்டாலே பாஸ்பீன் விஷவாயு வரும். சுவர் விரிசல், கதவிடுக்கு வழியா பக்கத்து வீட்டுக்கும் போகும். அதுக்கு மாத்து மருந்தே கிடையாது. குழந்தை இருக்குற வீடுங்க.

மளிகை_ரவி:
நாங்க குடோன்ல வருஷக்கணக்கா வைக்கிறோம், ஒண்ணும் ஆகல.

பழைய_உறுப்பினர்:
குடோன்ல யாரும் படுத்துத் தூங்கறதில்ல ரவி. இந்த விஷயத்துல மீனா சொல்றதுதான் சரி. அந்தப் பதிவை எடுத்துடுங்க.

செவிலியர்_கலா:
தடிப்பைச் சொறிய விடாதீங்க, சோப்பு போட்டுக் கழுவுங்க. சீழ் வெச்சா டாக்டர்கிட்ட காட்டுங்க. மூட்டைப்பூச்சி கடியால நோய் பரவுறதா நிரூபணம் இல்ல, அதுக்காகப் பயப்பட வேணாம். துணி, போர்வையை 60 டிகிரி வெந்நீர்ல துவைங்க. கட்டில் மூட்டு, மெத்தைத் தையல், பிளக் பாயிண்ட் ஓரமெல்லாம் டார்ச் அடிச்சுப் பாருங்க; மையால குத்தின மாதிரி கறுப்புப் புள்ளி இருந்தா அங்கதான் கூடு. மெத்தையைச் சும்மா வெயில்ல போட்டா நிழல் பக்கமா ஓடிடும்.

மீனா_மதுரை:
கட்டிலைச் சுவத்துல இருந்து தள்ளிப் போட்டு, கால்களைச் சோப்புத் தண்ணிக் கிண்ணத்துல வைங்க. வெறும் கிண்ணம் வேணாம், நம்ம ஊர்ப் பூச்சி வழுவழுப்பான சுவர்லயும் ஏறும். போர்வை தரையில தொங்கக்கூடாது.

தறிக்காரர்:
கிண்ணத்துல வேப்பெண்ணெய் ஊத்தினா இன்னும் நல்லது.

சிங்காநல்லூர்க்காரன்:
மரக்கட்டில், லைன் வீடு. கொசுவுக்கு அடிக்கிற ஸ்பிரேதான் மெத்தை மேல அடிச்சேன்.

பழைய_உறுப்பினர்:
இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம். அந்த வகை மருந்துக்கு நிறைய இடத்துல மூட்டைப்பூச்சி பழகிடுச்சு. மெத்தை மேல அடிச்சது குழந்தை மூச்சுலதான் போகும், அதை நிறுத்துங்க. லைன் வீடுன்னா பக்கத்து வீடுகளையும் சேர்த்து ஒரே நேரத்துல செய்யணும்.

சிங்காநல்லூர்க்காரன்:
கட்டில் மூட்டைக் கழட்டினேன், உள்ள பூராவும் இருக்கு. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊத்தியாச்சு. பக்கத்து வீட்லயும் இருக்காம், ஓனர்கிட்ட பேசப் போறேன். மாத்திரை வாங்கல.