டேங்க் பொறுப்பை ஏற்கப் பலரும் தயங்குவது ஏன்?

நெடுங்கிள்ளி:
வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டில், எதிரிகள் நிறைந்த டஞ்சனுக்குள் (நிலவறைக்குள்) செல்லும் ஒரு குழுவுக்கு, அடியைத் தாங்கும் ஒரு டேங்க், குணப்படுத்தும் ஒரு ஹீலர், எதிரிகளைத் தாக்கி வீழ்த்தும் மூன்று டிபிஎஸ் என ஐந்து பேர் தேவை. நான் மேஜ் (டிபிஎஸ்ஸாக மட்டுமே ஆடும் மந்திரவாதி) வைத்து விளையாடுவதால் வரிசையில் நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. டேங்காகப் பதிவு செய்யும் என் நண்பருக்கோ உடனுக்குடன் குழு அமைந்துவிடுகிறது. எதிரிகளைத் தன் பக்கம் இழுத்து நிறுத்துவது அவ்வளவு கடினமாகத் தோன்றவில்லை. அப்படியிருந்தும் பலர் அதை ஏன் தவிர்க்கிறார்கள்? டேங்காக ஆட, புதிதாக ஒரு வாரியர் (போர்வீரர் பாத்திரம்) தொடங்கலாமா என்று யோசிப்பதால் கேட்கிறேன்.

சாம்பல்பூனை:
அக்ரோவை, அதாவது எதிரியின் கவனத்தை, பிடித்து வைப்பது கடினமன்று என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். எதிரி யாரைத் தாக்கும் என்பதை முடிவு செய்யும் மதிப்புக்கு த்ரெட் என்று பெயர்; அருகில் நின்று அடிப்பவர் டேங்கின் த்ரெட்டில் 110 விழுக்காட்டையும், தொலைவிலிருந்து அடிப்பவர் 130 விழுக்காட்டையும் தாண்டினால்தான் எதிரி அவர் பக்கம் திரும்பும். டேங்குகளின் தாக்குதலுக்குக் கூடுதல் த்ரெட் வேறு உண்டு. ஆனால் எந்த வழியில் செல்வது, எத்தனை எதிரிக் கூட்டங்களை ஒரே நேரத்தில் இழுப்பது, ஹீலரின் மானா (மந்திர ஆற்றல்) நிரம்பும்வரை நிற்பதா என்பவற்றையெல்லாம் முடிவு செய்பவர் டேங்க்தான். எவரும் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுப்பதில்லை. முன்னால் நடப்பதாலேயே தலைமை அவர்மேல் வந்து விழுகிறது. மூன்று டிபிஎஸ்ஸில் ஒருவர் அரைத்தூக்கத்தில் விளையாடினாலும், யார் எவ்வளவு தாக்கினார் எனக் காட்டும் டேமேஜ் மீட்டரைத் திறந்து பார்க்காதவரை அது தெரியாமலே போய்விடக்கூடும். டேங்க் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் நால்வரும் அதே நொடியில் கண்டுகொள்வார்கள். தயக்கத்திற்கு வேர் இதுதான் என்பது என் கருத்து.

பழையகில்டு:
இதில் 2009 டிசம்பரில் வந்த, ஆட்களைத் தானாகவே குழுவாகச் சேர்க்கும் டஞ்சன் ஃபைண்டருக்கும் பங்கு உண்டு. அதற்கு முன்பு ஒரே சர்வரில் இருப்பவர்கள்தான் கூடிச் செல்வார்கள் என்பதால், பாதியில் ஓடிப்போனவரின் பெயரும், தனக்குத் தேவையில்லாத பொருளுக்கு நீட் (எனக்குத் தேவை) என்ற பொத்தானை அழுத்தியவரின் பெயரும் ஊருக்கே தெரிந்திருக்கும். அந்த அச்சமே பலரை ஒழுங்காக நடக்க வைத்தது. வெவ்வேறு சர்வர்க்காரர்கள் கலந்த பிறகு, மறுபடி சந்திக்கவே போவதில்லை என்ற எண்ணத்தில், ஒரு முறை வைப் ஆனதும் (குழு முழுதும் மடிந்ததும்) டேங்கை வெளியேற்ற வாக்கெடுப்புத் தொடங்குவது எளிதாகிவிட்டது. டேங்க் பற்றாக்குறையைத் தீர்க்க 2011இல் கால் டு ஆர்ம்ஸ் என்ற திட்டத்தைக் கொண்டுவந்து, ஆள் குறைவாக உள்ள பொறுப்பை ஏற்போருக்குப் பரிசுப் பை வழங்கினார்கள். பைக்காக வந்தவர்கள் உண்டு. ஆனால் திட்டு வாங்குவதற்குப் பை ஈடாகாது என்பதால் அவர்களில் எத்தனை பேர் நிலைத்திருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமே.

மாலைநிழல்:
பழி டேங்குக்கு மட்டும்தான் என்பதை ஹீலரான நான் ஏற்கமாட்டேன். டேங்க் மூன்று கூட்டங்களைச் சேர்த்து இழுத்துவிட்டு உயிரை விட்டால், முதலில் வரும் கேள்வி “ஹீல் எங்கே?” என்பதுதான்.

ஆயினும் இந்த நடத்தையை மாற்றவே முடியாது என்றும் சொல்ல இயலாது. ஃபைனல் ஃபான்டஸி 14 என்ற வேறோர் இணைய விளையாட்டின் டஞ்சன்களில் நால்வர்தான். முடிந்ததும் உடன் வந்த அந்நியர் ஒருவருக்குப் பாராட்டு வாக்கு அளிக்கலாம். சேர்ந்தே பதிவு செய்த நண்பருக்கு அதை அளிக்க முடியாது என்ற விதியைத்தான் நான் மிகவும் மெச்சுகிறேன், ஏனெனில் அறியாதவரிடம் கனிவாக நடப்பதற்கு அங்கே ஒரு காரணம் கிடைக்கிறது.

நெடுங்கிள்ளி அவர்களே, வாரியர் தொடங்குவதாக இருந்தால் வார்கிராஃப்டின் ஃபாலோயர் டஞ்சன்களில் பழகுங்கள். 2024 ஜனவரியில் டிராகன்ஃபிளைட் என்ற விரிவாக்கத்தில் சேர்க்கப்பட்ட இவற்றில் மற்ற நால்வரும் கணினி இயக்கும் பாத்திரங்களே என்பதால், வழியையும் பாஸ்களின் (பெரிய எதிரிகளின்) தாக்குதல்களையும் நிதானமாகக் கற்கலாம். பிறகு மனிதர்களோடு செல்லும்போது, நுழைந்தவுடனேயே “டேங்க் எனக்குப் புதிது, சிறிது மெதுவாக இழுப்பேன்” என்று எழுதிவிடுங்கள். யாரேனும் கோபித்துக்கொண்டு வெளியேறினால் வெளியேறட்டும். டிபிஎஸ் வரிசை எவ்வளவு நீளம் என்பது உங்களுக்கே தெரியும், மாற்று ஆள் வரத் தாமதமாகாது.