டொல்பின் வேனில் எஞ்சின் சூடு சீட்டுக்கு ஏறுகிறது, சூட்டைத் தடுக்க எந்த ஷீட் நல்லது?

அண்ணாமார், வேன் ஓட்டுகிற தம்பிமார், ஒரு உதவி வேண்டும். நான் ஹட்டன் பக்கம், வண்டி டொயோட்டா ஹயஸ் டொல்பின், எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிற பழைய மாடல். கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் ஏற்றத்தை ஆள் நிறைத்துக்கொண்டு இரண்டாம் கியரில் ஏறினால், வெளியே மழையும் பனியுமாக இருந்தாலும் முன்னால் நடுவில் இருக்கிறவருக்குத் தொடை சுடுகிறது. டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டுவதில்லை, ரேடியேட்டரும் சரி. சீட்டுக்கு அடியில் இருக்கிற எஞ்சின் மூடியைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஒட்டியிருந்த பஞ்சு கருகிப் பொடியாகி, எக்ஸோஸ்ட் மெனிஃபோல்ட் (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய்) பக்கம் வெறும் தகரம்தான் தெரிகிறது.

கராஜ் பாஸ் எக்ஸோஸ்ட் பைப்பில் கண்ணாடி நார்ப் பட்டி சுற்றச் சொல்கிறார். அது 500 பாகை வரை தாங்கும், சரி, ஆனால் நம்ம ஊர் மழையில் ஈரத்தைப் பிடித்து வைத்தால் உள்ளே பைப் துருப்பிடிக்குமே என்று பயமாக இருக்கிறது. செராமிக் ஃபைபரில் 1260 பாகை வகையே இருக்கிறது, ஆனால் அந்த நார்த்தூசு மூச்சில் போகக்கூடாது, இது பிள்ளைகள் ஏறுகிற வேன். என் விருப்பம், மெனிஃபோல்டிலிருந்து விரலளவு தள்ளி ஒரு அலுமினியத் தகடு, அப்புறம் மூடிக்கு அடியில் அலுமினியம் ஒட்டிய கண்ணாடி நார் ஷீட். இடையில் காற்று இருந்தால்தான் தகடு சூட்டைத் திருப்பும்.

இப்படிப் போட்டவர்கள் இருக்கிறீர்களா? ஷீட்டைப் பசையில் ஒட்டினீர்களா, ரிவெட் அடித்தீர்களா? கண்டியில் மீற்றர் கணக்கில் கிடைக்குமா, கொழும்பில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்கே போக வேண்டுமா? அஸ்பெஸ்டஸ் மட்டும் சொல்லாதீர்கள், அது வேண்டவே வேண்டாம். ஸ்கூல் லீவு முடிவதற்குள் வேலையை முடிக்க வேண்டும்.