சுவரோவியம் வரைந்தால் சாலை மாறுமா?

கேள்வி: கரிக்கோடு

வணக்கம். எங்கள் குடியிருப்பில் 25 பேர் ஒரு குழுவாக இருக்கிறோம். பள்ளி வாசலில் பிள்ளைகள் சாலையைக் கடக்கும் இடத்தில் கடக்கும் கோடும் இல்லை, வேகத்தடையும் இல்லை. அதற்கு நேரெதிரே 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரத்தில் ஒரு வெற்றுச் சுவர் இருக்கிறது. எல்லோருமாகச் சேர்ந்து அதில் வரையலாம் என்று பேச்சு. சுவருக்குச் சொந்தக்காரர் எழுத்தில் அனுமதி தந்துவிட்டார். கையில் எட்டு வாரம். குழுவில் ஓவியப் பயிற்சி உள்ளவர்கள் இரண்டே பேர்.

சுவர் அழகாகி, சாலை மட்டும் அப்படியே கிடந்துவிடுமோ என்பதுதான் என் கவலை. வேலையை எப்படிப் பிரித்தால் அப்படி ஆகாது? சுவரைவிடப் பொருத்தமான கலைவடிவம் வேறு உண்டா?

பதில் 1: சுவர்க்கணக்கு

கவலை நியாயமானது. ஓவியர் இருவரும் படத்தை வரைந்து கொடுத்து, மற்ற 23 பேரும் கட்டத்துக்குள் நிறம் நிரப்பினால் ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமை கழியும், அவ்வளவுதான். படத்தில் என்ன வரவேண்டும் என்று எல்லோரும் மல்லுக்கட்டி முடிவெடுத்த சுவரைத்தான் பிறகு ஊர் காபந்து பண்ணும். அதனால் முதல் மூன்று வாரம் சுவர்ப் பக்கமே போகாதீர்கள்.

லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு வெள்ளநீர்க் கால்வாயின் சுவரில் 1976இல் ஓவியர் ஜூடி பாக்கா தொடங்கிய சுவரோவியம் சுமார் 840 மீட்டர் நீளம். 400க்கும் மேற்பட்ட இளைஞர்கள் பல கோடைகாலங்களில் அதில் வேலை செய்தார்கள். வரலாற்று அறிஞர்களிடமும் அந்தக் காலத்தை வாழ்ந்து பார்த்தவர்களிடமும் கேட்டறிந்து, பாடப்புத்தகங்கள் விட்டுவிட்ட மக்களின் கலிபோர்னிய வரலாற்றை வரைந்தார்கள். தூரிகைக்கு முன்னால் நடந்த அந்தக் கேட்டல்தான் பாதி வேலை.

உங்களுக்கு மூன்று அமர்வு போதும், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். ஒன்றைக் காலையில், ஒன்றை மாலையில், ஒன்றை விடுமுறை நாளில் வையுங்கள். எல்லாம் மாலையில் என்றால் ஷிப்ட் வேலைக்காரர்களும் கைக்குழந்தைக்காரர்களும் விடுபட்டுப் போவார்கள். மேசைக்கு ஐந்தாறு பேர், நடுவில் தெருவின் பெரிய வரைபடம். பள்ளிக்கு நடக்கும் வழியை ஒவ்வொருவரும் தன் கையால் கோடு போட்டுக் காட்டட்டும். பயப்படும் இடத்தில் சிவப்புப் புள்ளி. கூட்டத்தில் வாய் திறக்காதவர்களும் புள்ளி வைப்பார்கள். புள்ளிகள் குவிந்த இடங்களிலிருந்து ஐந்தாறு காட்சிகளை எடுத்து, 1:20 அளவில் மூன்று மாதிரிகள் வரையுங்கள் (60 × 15 செ.மீ.). அவற்றை அந்த இடத்திலேயே இரண்டு நாள் தொங்கவிட்டுக் கருத்துக் கேளுங்கள். திருத்தம் ஒரே ஒரு சுற்று. அதற்கு மேல் திருத்தினால் யாருக்கும் கோபம் வராத, யாருக்கும் நினைவும் நிற்காத படம்தான் மிஞ்சும்.

இனி சுவர். 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி கோத்தாலோ சுவர் கருத்துத் தெரிந்தாலோ உள்ளே ஈரம் இருக்கிறது. ஈரம் வரும் வழியை அடைக்காமல் பூசினால் உப்புப் பூத்துப் பெயிண்ட் செதில்செதிலாக உரியும். எந்த விலையுயர்ந்த பெயிண்டும் இதைத் தடுக்காது. புதிய சிமெண்ட் பூச்சாக இருந்தால் 28 நாள் ஆறவிடவேண்டும்.

உங்கள் சுவர் 36 சதுர மீட்டர். காரம் தாங்கும் ப்ரைமர் ஒரு பூச்சுக்கு 4 முதல் 5 லிட்டர். அடிநிறம் இரண்டு பூச்சுக்கு 8 முதல் 9 லிட்டர். மற்ற நிறங்கள் எல்லாம் சேர்த்து 10 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். சொரசொரப்பான சுவர் என்றால் ஒன்றரை மடங்கு. வெளிப்புற அக்ரிலிக் எமல்ஷன்தான் வேண்டும். தண்ணீர் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்கக்கூடாது. சேர்த்தால் பசை வலுவிழந்து, சில மாதத்தில் தொட்டால் மாவாகக் கையில் ஒட்டும்.

மாதிரியில் 2.5 செ.மீ. கட்டம், சுவரில் 50 செ.மீ. கட்டம்: 24 × 6, ஆக 144 கட்டங்கள். நூல் அடித்துக் கோடு போடுங்கள். நிறங்களைப் பன்னிரண்டோடு நிறுத்தி எண் கொடுங்கள். ஒவ்வொரு நிறத்தையும் முழுத் தேவைக்கும் ஒரே தடவையில் கலந்து மூடி வையுங்கள். இரண்டாம் தடவை கலந்தால் அதே நிறம் வராது. ஒரு நேரத்தில் 8 முதல் 10 பேர், ஆளுக்கு ஒரு மீட்டர் அகலம். 1.2 மீட்டர் உயரம் வரை பிள்ளைகளுக்கு, சாரத்தின் மேல் பெரியவர்கள் மட்டும்.

பதில் 2: மன்றாடி

சுவரை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்களிடம் இருப்பது அதிகாரியிடம் பேசி வாங்கவேண்டிய ஒரு விஷயம். பேசுவதற்கு ஒத்திகை தேவை, அதைச் சுவர் தராது. நான்காவது வாரத்தில் ஒரு விவாத அரங்கு போடுங்கள், அதாவது பார்வையாளர்களும் உள்ளே வந்து நடித்துப் பார்க்கும் நாடகம்.

பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் 1970களில் வளர்த்தெடுத்த ஒடுக்கப்பட்டோர் அரங்கின் ஒரு வடிவம் இது. 1992இல் அவர் ரியோ டி ஜெனிரோ நகரமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, குடியிருப்புகளில் இப்படி நாடகம் போட்டுப் பார்வையாளர்கள் சொன்ன தீர்வுகளைத் தீர்மானங்களாகக் கொண்டுபோனார். அவற்றில் 13 சட்டமாயின.

நாடகம் 10 முதல் 15 நிமிடம், மூன்று காட்சி. உதாரணமாக, பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட வரும் பாட்டி. முதல் காட்சியில் வண்டி நிற்காமல் போகிறது. இரண்டாவதில் பள்ளி அலுவலகம், "வாசலுக்கு வெளியே எங்கள் பொறுப்பு இல்லை அம்மா" என்கிறது. மூன்றாவதில் சாலை அலுவலகத்தில் எழுத்தர் கேட்கிறார்: "இதுவரை அங்கே விபத்து ஏதாவது பதிவாகியிருக்கிறதா?" பாட்டி மௌனமாகத் திரும்புகிறார். நாடகம் தோல்வியில் முடியவேண்டும்.

பிறகு அதையே சற்று வேகமாக மறுபடி நடிப்பார்கள். பார்வையாளர் எவரும் "நிறுத்து" என்று சொல்லி, பாட்டியின் இடத்துக்கு வந்து வேறு விதமாகச் செய்து பார்க்கலாம். எழுத்தரின் இடத்துக்கு வரக்கூடாது. எதிராளியை நல்லவராக்கிவிட்டால் பிரச்சினை மேடையில் மட்டும்தான் தீரும். ஒருங்கிணைப்பாளரை ஜோக்கர் என்பார்கள். நம் கட்டியங்காரன் மாதிரி இரு பக்கமும் பேசுபவர். ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் அவர் கூட்டத்திடம் கேட்கவேண்டியது: "நிஜத்தில் இது நடக்குமா? நடக்காதென்றால் எது தடுக்கும்?"

வழக்கமாகக் கெடும் இடங்கள். ஆரம்பத்தில் 15 நிமிடமாவது எல்லோரையும் எழுப்பி விளையாட்டு வைக்காவிட்டால் பின்னால் ஒருவரும் எழுந்து வரமாட்டார். பாட்டிக்கு எங்குமே வேறு வழி இல்லாதபடி நாடகம் எழுதினால் மாற்றிப் பார்க்க இடம் இருக்காது. காட்சிக்கு ஒரு சந்தர்ப்பமாவது வையுங்கள். எழுத்தராக நடிப்பவர் முதல் கெஞ்சலிலேயே இறங்கி வந்தால் பயிற்சி வீண். ஜோக்கர் உபதேசம் செய்தால் கூட்டம் கலைந்துவிடும். மிக முக்கியமாக, நிஜமாகவே விபத்தில் அடிபட்ட குடும்பத்தாரை அவர்கள் வேடத்திலேயே நடிக்கவைக்காதீர்கள்.

மூலையில் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு முயற்சியையும் எழுதட்டும்: என்ன செய்தார், எங்கே தடைபட்டது. கலை முடிந்ததும் கையில் நிற்கும் காகிதம் அதுதான்.

பதில் 3: தெருவளவு

மன்றாடி எழுதிய எழுத்தரின் கேள்விக்கு உங்களிடம் எண் இருக்கவேண்டும். வண்டிகளின் வேகத்தை நீங்களே அளக்கலாம். சாலையோரம் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு அடையாளம் வையுங்கள். முன் சக்கரம் முதல் அடையாளத்தைத் தொடும்போது ஸ்டாப்வாட்ச்சை அழுத்தி, இரண்டாவதைத் தொடும்போது நிறுத்துங்கள். 180ஐ வினாடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். 4 வினாடி என்றால் 45. அளப்பவர் ஓட்டுநர் கண்ணில் படக்கூடாது; கையில் தாளோடு ஆளைப் பார்த்தாலே வேகம் குறைந்துவிடும். பள்ளி விடும் நேரத்தில் நூறு வண்டிகளை அளந்து, வேகமானதிலிருந்து வரிசைப்படுத்தி, 15ஆவது எண்ணை எடுங்கள். போக்குவரத்துப் பொறியாளர்கள் பார்ப்பதும் ஏறக்குறைய இந்த எண்ணைத்தான். சராசரியைச் சொன்னால் வேகக்காரர்கள் அதில் மறைந்துபோவார்கள். ஓவியம் முடிந்த பிறகு அதே கிழமை, அதே நேரத்தில் திரும்ப அளக்கவேண்டும்.

அனுமதி கிடைத்தால் சாலையிலேயே வரைவதையும் யோசியுங்கள். அமெரிக்காவில் 17 இடங்களின் விபத்துப் பதிவுகளை வைத்து 2022இல் வெளியான ஓர் ஆய்வில், சாலை ஓவியத்துக்குப் பிறகு நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் சிக்கிய விபத்துகள் பாதியாகக் குறைந்திருந்தன. 17 என்பது சின்ன எண்ணிக்கைதான், ஆனாலும் அலுவலகத்தில் எடுத்து வைக்கத் தகுந்தது. சாலைப் பெயிண்ட்டில் வழுக்காத நுண்மணல் கலக்கவேண்டும், இல்லையென்றால் மழையில் இரு சக்கர வண்டிகள் சறுக்கும். இருக்கும் போக்குவரத்துக் குறிகளின்மேல் வரையவே கூடாது.

கோரிக்கை ஒரே வரி, முடிவெடுக்கும் ஒரே ஆள், ஒரே தேதி. "பாதுகாப்பான சாலை வேண்டும்" என்று கேட்டால் "ஆவன செய்கிறோம்" என்றுதான் பதில் வரும். "பள்ளி வாசலிலிருந்து 10 மீட்டருக்குள் கடக்கும் கோடு" என்று கேட்டால் ஆம், இல்லை இரண்டில் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். சுவரைத் திறந்துவைக்க அந்த ஆளையே அழையுங்கள். படத்தில் கடக்கும் கோடு வரவேண்டிய பட்டைகளை மட்டும் அடிநிறத்தோடு விட்டுவையுங்கள். நிஜச் சாலையில் கோடு விழும் அன்று சுவரிலும் வெள்ளை பூசலாம். அதுவரை அந்த வெற்றுப் பட்டைகளைப் பார்த்து எல்லோரும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

கரிக்கோடு:

மூவருக்கும் நன்றி. நான்காம் வாரம் நாடகம் என்று முடிவு செய்துவிட்டோம். ஒரு சிக்கல்: வீட்டை விட்டு வெளியே வரமுடியாத முதியவர்கள் ஆறேழு பேர் பங்கெடுக்க ஆசைப்படுகிறார்கள். சாரத்தில் ஏற்றமுடியாது. அவர்களை எப்படிச் சேர்ப்பது?

சுவர்க்கணக்கு:

சுவரை அவர்களிடம் கொண்டுபோங்கள்: வீட்டிலேயே துணியில் வரையட்டும், பிறகு அதைச் சுவரில் ஒட்டலாம். பிலடெல்பியாவின் சுவரோவியத் திட்டத்தில் சிறைக்குள் இருப்பவர்களும் இப்படித்தான் வரைந்தார்கள். அந்தத் துணிக்கு ‘பாராசூட் துணி’ என்று பெயர், உண்மையில் நெய்யாத மெல்லிய பாலியெஸ்டர். 1.5 மீட்டர் சதுரமாகப் பிரித்தால் உங்கள் சுவருக்குச் சரியாக 16 துண்டுகள். கோட்டுப்படத்தையும் நிற எண்ணையும் துணியில் பதித்துக் கொடுத்தால் சாப்பாட்டு மேசையிலேயே வரையலாம். வெட்டும்போது ஓரத்தில் இரண்டு செ.மீ. கூடுதலாக விட்டு, அதிலும் வரையச் சொல்லுங்கள், ஒட்டும்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். சுவரிலும் துணியின் பின்புறத்திலும் அக்ரிலிக் ஜெல் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரோலரால் தள்ளுங்கள். காற்றுக் குமிழி தங்கினால் வெயிலில் அது உப்பி, முதலில் கிழிவது அந்த இடம்தான்.

நூல்கண்டு:

இதோடு ஒன்று சேர்க்கிறேன். 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் விரித்த, எய்ட்ஸால் இறந்தவர்களுக்கான நினைவுப் போர்வையில் 1,920 துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி, ஏறக்குறைய ஒரு கல்லறையின் அளவு. அளவில் மாற்றம் கிடையாது. உள்ளே இறந்தவரின் சட்டையோ பொம்மையோ கடிதமோ, எது வேண்டுமானாலும் தைக்கலாம். முன்பின் தெரியாதவர்களின் துக்கம் ஒரே போர்வையாகச் சேர முடிந்தது அந்த ஒரு விதியால்தான்.

உங்கள் முதியவர்களுக்கும் நிற எண் மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். 16 துண்டில் இரண்டையாவது அளவு மட்டும் சொல்லி, உள்ளே என்ன என்பதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். எதிரும் புதிருமாகப் போய்விடாமலிருக்க, பன்னிரண்டில் நான்கு நிறங்களை மட்டும் கையில் கொடுத்தால் போதும். துண்டை வாங்கப் போகும்போது இளையவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அது என்ன என்று கேட்டுப் பின்புறத்தில் தேதியோடு எழுதிக்கொள்ளட்டும். பென்சிலில் எழுதுங்கள், மை ஜெல்லில் ஊறி முன்பக்கம் வந்துவிடும். ஒட்டுவதற்கு முன்பே பின்புறத்தைப் படம் எடுத்துவிடுங்கள், அப்புறம் பார்க்கவே முடியாது.