மார்லின் 336-இல் ரெட் டாட் மாட்டலாமா? மாமாவுக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது

வியாசர்பாடி லேத்து:
வணக்கம். எனக்கு வியாசர்பாடியில் சின்ன லேத்து பட்டறை. அக்கா வீட்டுக்காரர் டெக்சாஸில் இருக்கிறார், அவரிடம் மார்லின் 336 லீவர் ரைபிள் (அடியில் உள்ள லீவரை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுவது) ஒன்று இருக்கிறது, .30-30 தோட்டா, செகண்ட் ஹேண்டில் வாங்கியது, நண்பர் நிலத்தில் காட்டுப்பன்றி சுட எடுத்துப் போவார். இப்போது 57 வயது. போன வாரம் வீடியோ காலில் ரைபிளைக் காட்டி, "பின்னாடி இருக்கிற காடியைப் பார்த்தா முன்னாடி மணி மங்குதுடா, மணியைப் பார்த்தா பன்றியே கரைஞ்சு போகுது" என்றார். காடி என்பது குறி பார்க்கும் பின்பக்க வெட்டு, மணி என்பது பாரல் முனையில் இருக்கும் குமிழ். சொல்லும்போது முகம் வாடிவிட்டது. அதனால் ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறி பார்க்கும் கருவி) மாட்டித் தரலாம் என்று இருக்கிறேன். டிசம்பரில் டூரிஸ்ட் விசாவில் அங்கே போகிறேன், அதை உட்கார வைக்கும் ரயிலை (துப்பாக்கி மேல் திருகும் பட்டை) அலுமினியத்தில் இங்கேயே மில்லிங் பண்ணி எடுத்துப் போய் நானே மாட்டிவிடுவதாகத் திட்டம். இது சரிவருமா? ரெட் டாட் நல்லதா, ஸ்கோப் (தொலைநோக்கிக் குழல்) நல்லதா? லீவர் துப்பாக்கியில் இதைச் செய்தவர்கள் சொல்லுங்கள்.

ராயபுரம் கண்ணாடிக்கடை:
துப்பாக்கி எனக்குத் தெரியாது, கண் தெரியும். உங்கள் மாமா சொல்வது அப்பட்டமான வெள்ளெழுத்து. காடி, மணி, இலக்கு மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன, வயசான கண் லென்ஸ் அவ்வளவு வேகமாக மாற்றி மாற்றி ஃபோகஸ் பண்ணாது. ரெட் டாட்டில் சின்ன எல்இடி வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, தூரத்திலிருந்து வருவது போலக் கண்ணுக்கு வருகிறது. அவர் பன்றியைப் பார்த்தால் போதும், புள்ளி அதன் மேலேயே தெளிவாக நிற்கும்.

ஆனால் ஒன்று. அவருக்கு அஸ்டிக்மேடிசம், அதாவது கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் பவர், இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் புள்ளி வட்டமாகத் தெரியாது, வால் முளைத்த மாதிரியோ திராட்சைக் கொத்து மாதிரியோ தெரியும். பலர் சாமான் கெட்டுப்போச்சு என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கடையிலேயே போன் கேமராவை வைத்து அதன் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். கேமராவில் புள்ளி உருண்டையாக இருந்து, கண்ணில் மட்டும் கலைந்தால் கோளாறு கண்ணில்தான். தூரப் பார்வைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் பெரும்பாலும் சரியாகும், வெளிச்சத்தைக் குறைத்து வைத்தாலும் ஓரளவு அடங்கும்.

காசிமேடு டு ஹூஸ்டன்:
தம்பி, முதலில் விசா விஷயம். டூரிஸ்ட் விசாவில் வருபவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம், மாநிலம் கொடுக்கும் வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள்தான் உண்டு. அதனால் நீங்கள் தொடவே வேண்டாம், மாமாவே மாட்டட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.

ரயில் செய்ய வேண்டாம். உங்கள் கைவேலையைக் குறை சொல்லவில்லை, ரயிலில் வெட்டும் ஸ்லாட் அகலம் 5.23 மி.மீ., இடைவெளி 10.01 மி.மீ. என்பதெல்லாம் உங்களுக்குப் பெரிய காரியமே இல்லை. ரிசீவரை (துப்பாக்கியின் நடு இரும்பு உடல்) கையில் வைத்து அளக்காமல் ஒன்பதாயிரம் மைலுக்கு அப்பால் துளை போடுவதுதான் வம்பு. மார்லினுக்கென்றே ரெடிமேட் ரயில் கிடைக்கிறது. மார்லின் 336 இதற்குத் தோதான துப்பாக்கி, சுட்ட தோட்டாவின் காலி கூடு பக்கவாட்டில் போகும், மேலே மூடிய இரும்பு. என்னிடம் இருக்கும் பழைய வின்செஸ்டர் 94 மேல்பக்கம் கக்கும், ரிசீவர் மேல் எதையும் வைக்க முடியாது, நான் பாரல் மேல் முன்னால் தள்ளித்தான் வைத்திருக்கிறேன்.

மாட்டும்போது கவனம் இங்கேதான் வேண்டும். லீவரை நாலைந்து தடவை அடித்துக் காலி பண்ணினால் மட்டும் போதாது. குழாய் மேகசினில் ஒரு தோட்டா சிக்கிக்கொண்டு நிற்கும், லீவரைத் திறந்து வைத்து ஃபாலோயர் (குழாய்க்குள் தோட்டாக்களைத் தள்ளும் துண்டு) கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்க்ரூடிரைவரைத் தொட வேண்டும். மேலே துளைகளில் அடைப்பு ஸ்க்ரூ இருக்கும், பல வருஷ எண்ணெய் இறுகிப்போய் அசையாது. வாய் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் திருகினால் தலை நைந்துவிடும், சால்டரிங் அயர்ன் முனையை ஒரு நிமிஷம் வைத்தால் இளகும். அப்புறம் அசிட்டோனில் துளையைத் துடைத்து, நீல லோக்டைட் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு, ரயிலோடு வரும் தாளில் போட்டிருக்கும் டார்க் (முடுக்கும் விசை). பொதுவாக 15 முதல் 20 இன்ச் பவுண்டுக்குள் இருக்கும். சிவப்பு லோக்டைட் வேண்டவே வேண்டாம்.

ஸ்க்ரூ நீளமும் முக்கியம். துளை மாறிப் போனால் நீளமான ஸ்க்ரூ உள்ளே எட்டிப் பார்த்து போல்ட்டை (லீவரோடு முன்பின் ஓடும் பாகம்) உரசும். ஒவ்வொரு ஸ்க்ரூ முடுக்கியதும் லீவரை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள், கையில் உரசல் தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

ஸ்கோப்பா என்று கேட்டீர்கள். நூறு கஜத்துக்குள் பன்றி என்றால் ரெட் டாட்டே போதும். ஸ்கோப் ஹாமரை (கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்கும் சுத்தி) மறைக்கும், கட்டைவிரல் போகத் தனியாக ஒரு நீட்டிப்பு மாட்ட வேண்டிவரும். டாட் அளவு 2 அல்லது 3 எம்ஓஏ (ஒரு கோண அளவு) வாங்கட்டும். 3 என்றால் நூறு கஜத்தில் சுமார் 3 அங்குலத்தை மறைக்கும்.

ஜீரோ பண்ண, அதாவது குண்டு விழும் இடத்தைப் புள்ளியோடு சேர்க்க, முதலில் 25 கஜம். அங்கே குண்டு புள்ளிக்கு சுமார் அரை முதல் முக்கால் அங்குலம் கீழே விழுந்தால் நூறில் ஏறக்குறைய சரியாக வரும், ஏனென்றால் சைட் பாரலுக்கு மேலே உயரத்தில் இருக்கிறது. சைட்டைத் திருப்பும் கிளிக் ஒன்று 1 எம்ஓஏ என்றால் 25 கஜத்தில் கால் அங்குலம்தான் நகரும். கடைசியில் நூறிலும் சுட்டுப் பார்த்தே ஆகணும்.

பெரம்பூர் ஏர்கன்:
நான் 0.177 ஏர் ரைபிள்தான் வைத்திருக்கிறேன், 20 ஜூலுக்குள் இருப்பதால் லைசென்ஸ் வேண்டாம். ஆனால் ஒரு விஷயத்தில் நான் பட்ட பாடு உங்கள் மாமாவுக்கு வரக்கூடாது. ரெட் டாட் மாட்டிய முதல் வாரம் புள்ளியைத் தேடித் தேடிக் கழுத்து வலித்தது. தோளில் வைக்கும் கட்டை காடிக்கும் மணிக்கும் அளவாகச் செய்தது, சைட் உயர்ந்ததும் கன்னம் கட்டையை விட்டு எழும்பி, தாடைதான் அதில் உட்கார்ந்தது. லீவர் ரைபிள் கட்டையும் தாழ்வானது. ஆகவே இருப்பதிலேயே தாழ்வான மவுண்ட் வாங்கச் சொல்லுங்கள். காலி ரைபிளைக் கண்ணை மூடித் தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்து, அப்புறம் கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். புள்ளி தானாக எதிரே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் கட்டை மேல் அட்டையை ஒவ்வொன்றாக அடுக்கி, புள்ளி தெரியும் உயரத்தை அளந்துகொள்ளலாம்.

வியாசர்பாடி லேத்து:
எல்லோருக்கும் நன்றி. விசா விஷயம் எனக்குச் சத்தியமாகத் தெரியாது, அண்ணன் பெரிய உபகாரம் செய்தீர்கள். மாமாவுக்கு சிலிண்டர் பவர் கொஞ்சம் இருக்கிறதாம். கடையில் போன் வைத்துப் பார்த்தார், கேமராவில் உருண்டை, கண்ணில் வால், கண்ணாடி போட்டதும் வால் போய்விட்டது. ரயிலும் டாட்டும் ஆர்டர் போட்டு, நேற்று அவரே மாட்டினார், நான் இங்கே ராத்திரி பதினோரு மணிக்கு வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது ஸ்க்ரூவில் லீவர் லேசாக உரசியது, கழற்றிப் பார்த்தால் நீளமானது துளை மாறிப் போயிருந்தது. மாற்றியதும் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது.

அட்டை அடுக்கியதில் 18 மி.மீ. வந்தது. என்னால் ரயில்தான் செய்ய முடியவில்லை, கன்னத்துக்கு ஒரு தோல் மெத்தையாவது எடுத்துப் போகிறேன். பெரியமேட்டில் தோல் வாங்கி, எங்கள் தெருவில் செருப்பு தைக்கும் பெரியவரிடம் கொடுக்கப்போகிறேன். கட்டையின் சுற்றளவை மூன்று இடத்தில் அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மாமா வலது தோளில் வைப்பவர், அப்படியென்றால் கயிறு கோக்கும் துளை வலது பக்கம் வர வேண்டுமா, அடியில் வர வேண்டுமா?

காசிமேடு டு ஹூஸ்டன்:
அடியில் வையுங்கள். கன்னம் படும் இடத்தில் முடிச்சு எதுவும் வரக்கூடாது. உள்பக்கம் குரோம் பதனிட்ட தோல் வேண்டாம், அதில் தங்கும் உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். காய், மரப்பட்டை போட்டுப் பதனிட்டது கேளுங்கள்.