எவ்வளவு ஓடினாலும் வீட்டில் அடங்க மாட்டேன் என்கிறான்: 9 மாத சிப்பிப்பாறைக்கு என்ன செய்யலாம்?

மண்டபத்துப் பையன்

வணக்கம். எங்கள் வீடு மண்டபத்தில், கரைக்கு ஐந்து நிமிட நடை. சிப்பிப்பாறை இன ஆண் நாய், பெயர் மின்னல், வயது 9 மாதம். யோசிக்காமல் வைத்த பெயர், இப்போது அனுபவிக்கிறோம்.

காலை 5:30-க்குக் கடற்கரையில் ஒரு மணி நேரம் ஓட்டம். சாயங்காலம் இன்னொரு மணி நேரம் பந்து எறிதல். வீட்டுக்கு வந்தால் தண்ணீர் குடிப்பான், இரண்டு நிமிடம் நிற்பான், அப்புறம் ஆரம்பம். அப்பத்தாவின் முந்தானையை இழுப்பது, திண்ணையில் கிடக்கும் வலையைக் கடிப்பது, பல்லியைப் பார்த்துச் சுவரில் எம்புவது. இரவு 7 முதல் 9 வரைதான் உச்சம். தங்கை பத்தாம் வகுப்பு, தரையில் உட்கார்ந்து படிப்பவள். ஒரு கணக்கு நோட்டு ஏற்கெனவே போய்விட்டது.

அப்பா விசைப்படகுக்குப் போகிறார், வாரத்தில் மூன்று நாள் கடல். விடியும் நேரத்தில் மீன் வாடையோடு படியேறினால் இவன் நேராக அவர் நெஞ்சில் கால் வைக்கிறான். போன வாரம் கையில் இருந்த தூக்குவாளி கவிழ்ந்து குழம்பு மீன் முழுக்க மணலில். "இன்னொரு தடவை இப்படி நடந்தால் வாங்கிய இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடுவேன்" என்றார். சும்மா சொல்கிற ஆள் இல்லை.

ஓட்டத்தை ஒன்றரை மணி நேரம் ஆக்கிப் பார்த்தேன். அவன் இன்னும் வலுத்துவிட்டான், நான்தான் இளைத்தேன்.

கமுதிக்காரன்

கட்டிப் போடு தம்பி. நாய்க்கு வாசல், மனுசனுக்கு வீடு. முந்தானையை இழுத்தால் பேப்பரைச் சுருட்டி மூக்கில் ஒன்று வை. எங்கள் தாத்தா காலத்தில் யாரும் நாய்க்குப் பாடம் நடத்தவில்லை.

உச்சிப்புளி அக்கா

கமுதி அண்ணே, உங்கள் தாத்தாவின் நாய் பகலெல்லாம் வேப்ப மரத்தடியில் தூங்கியிருக்கும். யாரும் அதை எழுப்பிப் பந்து எறியவில்லை. அதனால் பாடமும் தேவைப்படவில்லை. அடித்தால் கையைக் கண்டாலே ஒதுங்கும் நாய் கிடைக்கும், நிம்மதியாகப் படுக்கிற நாய் கிடைக்காது. தங்கை குனிந்து படிக்கிற வீட்டில் பயந்த நாய் இன்னும் ஆபத்து.

தம்பி, சிப்பிப்பாறை முயலை விரட்டப் பழக்கிய இனம். அதன் ஓட்டம் நிமிடக் கணக்கு, மணிக் கணக்கு இல்லை. நீங்கள் தினமும் இரண்டு மணி நேரம் ஓடவிட்டு உடம்பை ஏற்றிக்கொண்டே போகிறீர்கள். பந்து இன்னும் மோசம். எறி, விரட்டு, எறி, விரட்டு என்று அறுபது தடவை ஆனதும் உடம்பு வீட்டுக்கு வந்துவிடும், தலை கரையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். படுப்பதும் ஒரு பழக்கம்தான், அதை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மூன்று கேள்வி. ஒரு நாளில் மொத்தம் எத்தனை மணி நேரம் தூங்குகிறான்? எதன் மேல் படுக்கிறான்? குரைத்தால் வீட்டில் யார் என்ன செய்கிறார்கள்? ஊகமாகச் சொல்லாமல் இரண்டு நாள் பார்த்து எழுதிவிட்டு வாருங்கள்.

மண்டபத்துப் பையன்

அக்கா, பார்த்தேன். நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தேன். முதல் நாள் 9 மணி நேரம், மறுநாள் 8½. நடுநடுவே யாராவது கூப்பிட்டு எழுப்பிவிடுகிறோம்.

படுப்பது சிமெண்ட் தரையில். மெத்தை வாங்கிப் போட்டோம், பஞ்சைப் பிய்த்துவிட்டான்.

மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுத வெட்கமாக இருக்கிறது. குரைத்தால் அப்பத்தா "இந்தா, போ" என்று முறுக்குத் துண்டைத் தூரமாக எறிகிறார். சத்தம் தாங்காமல்தான். நானோ "டேய் சும்மா இரு" என்று அவன் பின்னால் ஓடுகிறேன்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. இவன் 3 மாதக் குட்டியாக வந்தபோது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் அப்பா வீட்டில்தான். படகு கரையில், எல்லோருக்கும் பொழுதுபோக்கு இவன்தான். விளையாட்டு, விளையாட்டு, விளையாட்டு.

உச்சிப்புளி அக்கா

பதில் உங்கள் தாளிலேயே இருக்கிறது தம்பி. இந்த வயதில் இதைவிட நிறைய நேரம் தூங்க வேண்டும். தூக்கம் கெட்ட சின்னப் பிள்ளை சாயங்காலம் எப்படிச் சிணுங்கி அடம்பிடிக்கும்? அதுதான் உங்கள் ஏழு மணி. அது தெம்பு இல்லை, அசதி. அப்புறம் மனிதர்கள் வீட்டில் இருந்தாலே விளையாட்டு என்று அந்த 61 நாளில் அவனுக்குப் பதிந்துவிட்டது. அப்பா மேல் பாய்வது அதன் மிச்சம்.

சிமெண்ட் தரையையும் விடாதீர்கள். இவனுக்கு உடம்பில் கொழுப்பு ரொம்பக் குறைவு, முழங்கையும் இடுப்பெலும்பும் தரையில் முட்டும். ஐந்து நிமிடத்தில் வலித்து எழுந்துவிடுவான். நீங்கள் சேட்டை என்கிறீர்கள்.

ஒரு கோணிச் சாக்கு எடுத்து, உள்ளே இரண்டு பழைய சேலையை மடித்து வைத்துத் தைத்துவிடுங்கள். சூடை மீனை உப்பில்லாமல் அவித்து, முள்ளை எடுத்து, சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருபது துண்டு. கருவாடு வேண்டாம், உப்பு. 7 மணிக்கு ஆட்டம் என்றால் 6:30-க்கே சாக்கை விரித்துப் பக்கத்தில் உட்காருங்கள். வாயே திறக்கக் கூடாது. அவன் ஒரு கால் வைத்தால் துண்டைச் சாக்கின் மேல் வையுங்கள், கையிலிருந்து வாய்க்குக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். படுத்தால் முன்னங்கால் இரண்டுக்கும் நடுவில் ஒன்று.

இனிதான் கண் வேண்டும். படுத்ததும் முதலில் சிங்கம் மாதிரி நேராக, எழத் தயாராக இருப்பான். கொஞ்ச நேரத்தில் இடுப்பு ஒரு பக்கம் சாயும், பின்னங்கால் இரண்டும் ஒரே பக்கம் வரும். அதற்கு ஒரு துண்டு. தாடை தரையில் பட்டால் ஒன்று. மூக்கால் நீளமாக ஒரு பெருமூச்சு விடுவான், அதற்கு இரண்டு. "படு" என்று சொல்லிப் படுக்க வைத்தால் இது எதுவும் வராது, உத்தரவுக்குக் காத்துக்கொண்டு படுத்திருப்பான். ஐந்து நிமிடம் போதும். முடிந்ததும் சாக்கைச் சுருட்டி எடுத்துவிடுங்கள்.

குரைத்தால் முறுக்கு இல்லை, திட்டும் இல்லை. முதல் சில நாள் இரண்டு மடங்கு குரைப்பான், இவ்வளவு நாள் பலித்த வித்தை ஆயிற்றே. ஐந்தாம் நாள் மனம் இரங்கி முறுக்கு எறிந்தால் அவன் படிக்கும் பாடம், ஐந்து நாள் குரைத்தால் கிடைக்கும் என்பது. அப்பத்தாவை எதிர்க்க வேண்டாம், துண்டுகளை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

பந்தை மூட்டை கட்டுங்கள். காலையில் கயிற்றோடு மெதுவான நடை, மோப்பம் பிடிக்க விடுங்கள். மூக்கு வேலை செய்தால் தலை களைக்கும். ஆனால் கரைவலை இழுக்கும் இடத்தில் பேத்தை மீனைக் கழித்துப் போட்டிருப்பார்கள், வாயில் வைத்தால் உயிருக்கே ஆபத்து. கடல் தண்ணீரையும் குடிக்க விடாதீர்கள்.

தேவிபட்டினம் ஆட்டுக்காரர்

அக்கா சொன்னது சரி. அதற்கு முன்னால் உடம்பைப் பாருங்கள். காது மடலுக்குள், கால் விரல் இடுக்கில் உண்ணி இருக்கிறதா? அரிக்கிற நாய்க்குச் சாக்கும் சரி, பட்டு மெத்தையும் சரி. குடற்புழு மருந்து கொடுத்து எத்தனை நாள் ஆயிற்று? கால்நடை மருந்தகத்தில் எடை பார்த்துத்தான் மருந்து தருவார்கள். ஆட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தை ஊற்றிவிடாதீர்கள், அந்தத் தப்பை நான் செய்து பார்த்துவிட்டேன்.

காயடித்தால் அடங்கிவிடுவான் என்று நிச்சயம் யாராவது வந்து சொல்வார்கள். ஊர் சுற்றுவது குறையலாம், வீட்டுக்குள் படுக்கும் பழக்கம் அதனால் வராது.

பாம்பன் தெரு

எங்கள் நாய்க்குச் சிக்கல் ரயில். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்ற பிறகு பிறந்தவன். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்து வண்டி ஓட ஆரம்பித்ததும் வீட்டையே இரண்டாக்கினான். போனில் ரயில் சத்தத்தைப் பதிவு செய்து, கேட்டும் கேட்காத அளவில் வைத்து, சாப்பிடும்போது ஓடவிட்டோம். வாராவாரம் கொஞ்சம் கூட்டினோம். இப்போது ஒரு காதை மட்டும் தூக்குவான். உங்கள் ஏழு மணி ஆட்டத்துக்குப் பின்னால் ஏதாவது சத்தம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மண்டபத்துப் பையன் (மூன்று வாரம் கழித்து)

உண்ணி இருந்தது. இடது காதுக்குள் மட்டும் ஏழு. மருந்து போட்ட மறுநாளே சொறிவது பாதியாகிவிட்டது.

நான்காம் நாள் குரைப்பு தாங்க முடியாமல் பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, "என்ன, திருடனா?" என்று கேட்டார். அன்றைக்கு நான் விட்டுக்கொடுக்க இருந்தேன். அப்பத்தாதான் விடவில்லை. "பெருமூச்சுக்கு ரெண்டுன்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்கு, வரட்டும்" என்று கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறுமை இல்லை, கண்ணும் போதவில்லை. இடுப்பு சாய்வதை அவர்தான் முதலில் பார்க்கிறார்.

தூக்கம் இப்போது 13 மணி நேரம். ஏழு மணி ஆட்டம் ஒரு பத்து நிமிடம் வரும், அப்புறம் தானாகவே சாக்கு சுருட்டி வைத்திருக்கும் மூலைக்குப் போய் நிற்கிறான். தங்கை அவனுக்கு முதுகைக் காட்டியபடி படிக்கிறாள், நோட்டு பத்திரம்.

அப்பா விஷயம் இன்னும் பாதிதான். படிக்குக் கீழேயே நின்று நான்கு காலும் தரையில் இருந்தால்தான் தடவிக்கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். இரண்டு நாள் செய்தார். மூன்றாம் நாள் மீன்பாடு நன்றாக இருந்ததாம், சந்தோஷத்தில் அவரே "வாடா" என்று நெஞ்சைத் தட்டிக் கூப்பிட்டுவிட்டார்.

ஒரு சந்தேகம் அக்கா. மீன் துண்டு வைத்து வைத்துச் சாக்கில் எறும்பு மொய்க்கிறது. துவைத்தால் அவனுடைய வாடை போய்ப் படுக்காமல் விட்டுவிடுவானோ?

உச்சிப்புளி அக்கா

இன்னொரு சாக்கு தைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். சோப்புத்தூள் வேண்டாம், வெறும் தண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்தால் போதும், அவன் வாடை அவ்வளவு சீக்கிரம் போகாது. உள்ளே வைத்த சேலையை மட்டும் மாற்றாதீர்கள். எறும்புப் பொடியை அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள், நக்கிவிடுவான். அப்பாவுக்கும் நாலு துண்டு கட்டிக் கொடுத்து அனுப்புங்கள், படிக்குக் கீழே நின்றே அவர் வைக்கட்டும்.